டால்பின்களுடன் நீந்த எந்தக் கடல்? ஓர் ஒப்பீடு

வழிகாட்டியுடன் படகில் சென்று, கடலில் தம் போக்கில் திரியும் டால்பின்களுக்கு நடுவே ஸ்நார்கல் என்ற சுவாசக் குழாயை அணிந்து நீந்தும் பயணங்கள் இன்று பல நாடுகளில் விற்கப்படுகின்றன. விளம்பரப் படங்களை மட்டும் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுதான் என்று தோன்றும்: நீல நீர், கண்ணாடி அணிந்த ஒரு மனிதர், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் ஒரு டால்பின். உண்மையில் ஹவாய், நியூசிலாந்து, ஜப்பான், பஹாமாஸ் ஆகிய நான்கு இடங்களிலும் வாழ்பவை வெவ்வேறு இனங்கள். அவற்றின் அன்றாட வாழ்க்கையும் ஒன்றல்ல. ஹவாயிலோ அங்குள்ள ஸ்பின்னர் டால்பின்களுடன் கரையோரத்தில் நீந்துவதே இப்போது சட்டப்படி குற்றம். ஆகவே கட்டணத்தையும் நீரின் நிறத்தையும் ஒப்பிடுவதற்கு முன், படகு போய்ச் சேரும் நேரத்தில் அந்த விலங்குகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வியைக் கேட்பதே சரி என்பது என் கருத்து. இரண்டாவது கேள்வி நம்மைப் பற்றியது: குளிர்ந்த, அடி தெரியாத நீரில் நம் உடலும் மூச்சும் எவ்வளவு நேரம் நிதானமாக இருக்கும்?

தொட்டியில் அடைக்கப்பட்ட டால்பின்களுடன் நீந்தும் இடங்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. இந்தியா 2013ஆம் ஆண்டிலேயே டால்பின் காட்சியகங்கள் அமைப்பதற்கு அனுமதி மறுத்துவிட்டது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதாகக் கிடைக்கும் என்றாலும், அது முற்றிலும் வேறு விஷயம்.

முதலில் ஹவாயைப் பார்த்துவிடலாம். மற்ற இடங்களை எடைபோட அது உதவும். அங்குள்ள ஸ்பின்னர் டால்பின்கள் இரவில் கரையை விட்டு விலகிச் சென்று, ஆழத்திலிருந்து மேலெழுந்து வரும் சிறு மீன்களையும் இறாலையும் கணவாயையும் வேட்டையாடுகின்றன. விடிந்ததும் மணல் படிந்த ஆழமற்ற விரிகுடாக்களுக்குத் திரும்பி, நெருக்கமாகக் கூடி, ஓசையை வெகுவாகக் குறைத்துக்கொண்டு மெல்ல நீந்தியபடியே ஓய்வெடுக்கின்றன. வெளிர் மணல் பரப்பின் மேல் சுறா வந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பதும் அவை அந்த விரிகுடாக்களை நாடுவதற்கு ஒரு காரணம். சுற்றுலாப் படகுகள் வந்து சேர்ந்ததும் சரியாக அந்த நேரத்தில்தான். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படுத்தவர் வீட்டுக் கதவைப் பகல் முழுவதும் ஆள் மாற்றி ஆள் தட்டினால் எப்படி இருக்குமோ, அதுதான் அங்கே பல ஆண்டுகள் நடந்தது. இதன் விளைவாக, 2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: ஹவாயின் முதன்மைத் தீவுகளின் கரையிலிருந்து 2 கடல் மைல் தூரத்துக்குள், ஸ்பின்னர் டால்பினுக்கு 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நீந்தியோ படகிலோ நெருங்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் போய்வந்தவர்களின் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு இன்று ஹவாய்க்குத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஸ்பின்னர் இனத்தோடு எகிப்து வேறொரு வழியைக் கையாண்டது. செங்கடலில் மர்சா ஆலம் நகருக்கு அருகே சமதாய் என்ற குதிரைலாட வடிவப் பவளத்திட்டு இருக்கிறது. அதன் உள்வளைவில்தான் டால்பின்கள் பகலில் ஓய்வெடுக்கின்றன. கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போனதால் அங்கே மனிதர் வருவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, 2004 முதல் அந்த இடத்தை மிதவைகளால் மூன்றாகப் பிரித்தார்கள். உட்பகுதி டால்பின்களுக்கு மட்டும். நடுப்பகுதியில் ஸ்நார்கல் அணிந்தவர்கள் நீந்தலாம். வெளிப்பகுதியில் படகுகள் நிற்கலாம். நாளொன்றுக்கு வருவோரின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு வைக்கப்பட்டது. டால்பின் தானாகக் கோட்டைத் தாண்டி வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் பவளத்தையும் மீன்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வெதுவெதுப்பான, தெளிவான, அலையடங்கிய நீர் என்பதால் புதிதாக ஸ்நார்கல் பழகுபவருக்கு இது நல்ல இடம். ஆனால் செங்கடல் கரையில் டால்பின் இருக்கும் எல்லாத் திட்டுகளிலும் இதே கட்டுப்பாடு கிடையாது. கட்டுப்பாடு இல்லாத இடத்துக்குக் கூட்டிச் செல்லும் படகை மலிவாகக் கிடைக்கிறதே என்று தேர்ந்தெடுத்தால், ஹவாயில் தடை செய்யப்பட்டதைத்தான் நாமும் செய்வோம்.

இனி நியூசிலாந்து. இந்த ஒப்பீட்டில் அதிக இடம் அதற்குத்தான், ஏனெனில் ஒரே தீவில், காரில் சில மணி நேரத் தொலைவில், இரண்டு முற்றிலும் வேறான அனுபவங்கள் அங்கே கிடைக்கின்றன.

தென் தீவின் கிழக்குக் கரையில், கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கிறது கைகோரா என்ற சிற்றூர். அதன் சிறப்பு கரையில் அல்ல, கடலடியில் இருக்கிறது. கரைக்கு மிக அருகிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, சில கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கரையோரத்திலேயே உலவுவதும், நூற்றுக்கணக்கான டஸ்கி டால்பின்கள் ஒரே கூட்டமாகத் திரிவதும் இந்த ஆழத்தால்தான். டஸ்கிகளும் இரவு வேட்டைக்காரர்களே. ஆழத்திலிருந்து எழும் சிறு மீன்களையும் கணவாயையும் இரவில் தின்றுவிட்டுக் காலையில் கரைப்பக்கம் வருகின்றன. இங்கேதான் ஸ்பின்னருடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. டஸ்கிகள் காலையில் ஒரு விரிகுடாவுக்குள் ஒடுங்கிக்கொள்வதில்லை. திறந்த கடலில், துள்ளியும் துரத்தியும் இணை சேர்ந்தும், கூட்டமாக ஆரவாரம் செய்கின்றன. பிடிக்கவில்லை என்றால் விலகிப் போக அவற்றுக்குக் கடல் முழுவதும் இருக்கிறது. ஓய்வெடுக்கும் வேளை நண்பகலையொட்டி வருகிறது; அதற்காகக் கோடை மாதங்களில் நண்பகல் நேரத்தில் படகுகள் ஒதுங்கியிருக்கும் ஏற்பாடும் அங்கே உருவானது. எனவே கைகோராவில் முன்பதிவு செய்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை, விடியற்காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. டால்பின்கள் சுறுசுறுப்பாக இருக்கும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

படகில் நடப்பது இதுதான். குளிரைத் தாங்க உடலோடு ஒட்டி அணியும் தடித்த உடையான வெட்சூட், தலையுறை, காலுறை ஆகியவற்றைக் கரையிலேயே அணிவித்துவிடுவார்கள்; வெட்சூட்டுக்குள் தோளை நுழைப்பதற்குள்ளேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும். கூட்டத்தைக் கண்டதும் படகு வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் மெல்ல நெருங்கும். அனைவரும் படகின் பின்பக்கத் தட்டில் கால்களை நீரில் தொங்கவிட்டு வரிசையாக அமர்ந்திருக்க, ஒலிப்பான் அடித்ததும் நீரில் சறுக்கி இறங்க வேண்டும். முதல் சில நொடிகளில் குளிர் முகத்தில் அறையும், மூச்சு தானாகவே வேகமெடுக்கும். அந்த நேரத்தில் ஸ்நார்கலைக் கடித்துக்கொண்டு வெறுமனே மிதந்தால் போதும், அடங்கிவிடும். கீழே பச்சைக் கருமை தவிர வேறெதுவும் தெரியாது. பிறகு அதிலிருந்து ஒரு சாம்பல் நிற முதுகு கண்ணெதிரே கடந்து போகும், அதன் பின்னாலேயே மூன்று, நான்கு. கைகளால் நீரை அடித்துத் துரத்துபவரைக் கண்டுகொள்ளாமல் அவை போய்விடும். கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஸ்நார்கல் வழியே ஏதாவது ஒரு பாட்டை முனகியபடி வட்டமடிப்பவரைச் சுற்றி ஒரு டஸ்கி தானும் வட்டமிடும், ஒரு கண் நம் மீதே பதிந்திருக்கும். முனகச் சொல்வது வழிகாட்டிகள்தான். பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், குழந்தைகள் உடனே பாடத் தொடங்கிவிடுவார்கள். கூட்டம் நகர்ந்துவிட்டால் எல்லோரும் படகேற வேண்டும். முன்னே சென்று மறுபடி இறங்க வேண்டும். இந்த ஏற்றமும் இறக்கமும் நீச்சலைவிட அதிகமாகக் களைப்பூட்டும் என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கைகோராவின் குறைகள் இரண்டு. ஒன்று குளிர்: கோடையில் கடல் நீர் ஏறக்குறைய 14 முதல் 18 டிகிரி, குளிர்காலத்தில் 10 டிகிரியை ஒட்டி. சென்னைக் கடலில் குளித்துப் பழகியவருக்கு இது வேறு உலகம். மற்றொன்று அலையாட்டம். திறந்த கடல் என்பதால் படகு நிற்கும்போதுதான் குமட்டல் அதிகமாக வருகிறது. வெட்சூட் வேறு வயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பயனில்லை, புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் அகரோவா. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில், ஒரு பழைய எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உருவான நீண்ட துறைமுகம் அது. நியூசிலாந்துக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஹெக்டர் டால்பின்கள் அங்கே வாழ்கின்றன. முழு வளர்ச்சியடைந்த ஹெக்டர் டால்பின் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. முதுகுத் துடுப்பு மற்ற டால்பின்களைப் போல வளைந்த கொக்கியாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். நூற்றுக்கணக்கில் வராது, இரண்டு, நான்கு, எட்டு என்று சிறு குழுவாக வரும். மெதுவாகச் செல்லும் படகைத் தானே தேடி வரும் இயல்பு அதற்கு உண்டு. துறைமுகத்தின் உள்ளேயே பயணம் பெரும்பாலும் முடிந்துவிடுவதால் அலையாட்டம் குறைவு, குமட்டலும் குறைவு. நீரோ கைகோராவைவிடக் கலங்கலாக இருக்கும். டால்பின் அருகில் வரும்வரை தெரியாது.

இரண்டுக்கும் இடையே விளம்பரங்கள் சொல்லாத ஒரு வேறுபாடு ஓசையில் இருக்கிறது. டஸ்கிகளின் கூட்டத்துக்குள் தலையை நீரில் வைத்தால் கிளிக் ஒலிகளும் கீச்சொலிகளும் காதில் விழும். ஹெக்டர் டால்பின்கள் சீழ்க்கையடிப்பதில்லை. அவற்றின் கிளிக் ஒலி ஏறத்தாழ 120 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பதாலும், மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதாலும், அவை நம்மை ஒலியால் அலசிக்கொண்டிருக்கும்போதே நமக்கு எதுவும் கேட்காது. அகரோவாவில் நீந்துவது ஏறக்குறைய மௌனமான அனுபவம். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

அகரோவாவைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஹெக்டர் டால்பின் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். கரையோர நிறுத்துவலைகளில் சிக்கி மூச்சடைத்து இறப்பவை அதிகமாகவே, 1988இல் அகரோவா அமைந்திருக்கும் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல் பாலூட்டிகளுக்கான காப்பிடம் அறிவிக்கப்பட்டது. அதன் வடதீவுக் கிளையினமான மாவி டால்பின் இன்று சில பத்துகளில்தான் எஞ்சியிருக்கிறது. சுற்றுலாப் படகை வலையோடு ஒப்பிட முடியாது என்றாலும், சிறிய துறைமுகத்துக்குள் ஒரே டால்பின்கள் நாள்தோறும் பல படகுகளைச் சந்திக்கின்றன. நூற்றுக்கணக்கான டஸ்கிகள் பங்கிட்டுக்கொள்ளும் தொந்தரவு இங்கே ஒரு கைப்பிடி விலங்குகளின் மேல் விழுகிறது. அதே நாட்டின் வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் இந்தத் தொந்தரவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்த்துவிட்டோம்: அங்கு வந்துகொண்டிருந்த பாட்டில்நோஸ் டால்பின்கள் வெகுவாகக் குறைந்துபோனதால், 2019இல் அவற்றுடன் நீந்தும் பயணங்களை அரசு நிறுத்தியது; 2021இல் அந்த விரிகுடாவே காப்பிடமாக்கப்பட்டு, படகுகள் 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றானது.

நியூசிலாந்தில் நீந்த அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நிறுவனமும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் விதிகளின்படி ஒரு கூட்டத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. குட்டிகள் உள்ள கூட்டத்தில் யாரும் நீரில் இறங்கக் கூடாது. கடைசி விதி நம் பயணத் தேதியை நேரடியாகப் பாதிக்கிறது. டிசம்பர், ஜனவரி விடுமுறையில் போனால் நீர் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் அதுவே டஸ்கிகள் குட்டி ஈனும் பருவமும்கூட. நல்ல வழிகாட்டி சில கூட்டங்களைக் காட்டிவிட்டு இறக்காமலே விலகிப் போவார். காசு கொடுத்தோமே என்று அங்கே முகம் சுளிக்கக் கூடாது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான மே மாதத்தில் அங்கே இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் இருக்கும். குளிர்காலம் நெருங்க நெருங்க டஸ்கிகள் கரையை விட்டு விலகி இன்னும் பெரிய கூட்டங்களாகச் சேர்வதால், படகு அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் எனக்குச் சரியான காலமாகப் படுகின்றன.

ஜப்பானின் மிகுராஜிமா, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு மட்டுமே உரியது. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்துப் பாறைகளாகக் கடலிலிருந்து எழுந்து நிற்கும் சிறு தீவு அது. மக்கள்தொகை சில நூறு பேர். தீவைச் சுற்றியுள்ள நீரில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தோ-பசிபிக் பாட்டில்நோஸ் டால்பின்கள் நிலையாக வாழ்கின்றன. ஆய்வாளர்கள் 1990களிலிருந்து துடுப்பின் வடுக்களையும் உடல் தழும்புகளையும் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவுசெய்து வருகிறார்கள். கரையை ஒட்டியே அவை நீந்துவதால் கண்டுபிடிப்பது எளிது. முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் காற்று உருளையுடன் இறங்க அனுமதி இல்லை, தொடக் கூடாது. நீரோட்டம் வலுவானது, படகு உங்களை டால்பின்களின் பாதைக்கு முன்னால் இறக்கிவிடும், அவை கடந்து சென்றதும் ஏற்றிக்கொள்ளும். மூச்சடக்கிக் கீழே செல்லத் தெரிந்தவர்களோடுதான் அவை நேரம் செலவிடுகின்றன. மேலே லைஃப் ஜாக்கெட்டில் மிதப்பவர் முதுகுகளை மட்டுமே பார்ப்பார். டோக்கியோவிலிருந்து இரவுக் கப்பலில் புறப்பட்டால் அதிகாலையில் தீவை அடையலாம் என்பது அட்டவணை. அலை அதிகமாக இருந்தால் கப்பல் கரை கட்டாமலேயே கடந்து போய்விடும் என்பது நடைமுறை. ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரயிறுதியை இதற்காக இழக்கத் துணியலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இதற்கென்றே பயணப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பஹாமாஸ், நீந்தும் அனுபவத்தை மட்டும் பார்த்தால், எல்லாவற்றிலும் சிறந்தது. பிமினித் தீவை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் பரந்து கிடக்கும் வெண்மணல் மேடுகளில் பல இடங்களில் நீரின் ஆழம் பத்து மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அடி தெரியும், நீர் வெதுவெதுப்பாக இருக்கும். அங்குள்ள அட்லாண்டிக் புள்ளி டால்பின்கள் பிறக்கும்போது புள்ளியில்லாமல் பிறந்து, வயதோடு புள்ளிகள் கூடிக்கொண்டே போகும் என்பதால், நீரில் எதிர்ப்படும் விலங்கு இளையதா மூத்ததா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். டெனிஸ் ஹெர்சிங் என்ற ஆய்வாளர் 1985 முதல் அவற்றின் தலைமுறைகளைத் தொடர்ந்து கவனித்துவருகிறார். மேட்டின் விளிம்பைத் தாண்டிய ஆழ்நீரில் இரவு வேட்டை முடித்து வந்து, பகலில் மணல் மேட்டின் மேல் உலவும்போது, கடற்பாசித் துண்டு ஒன்றை ஒன்றிடமிருந்து ஒன்று பறித்து விளையாடும். படகைத் தேடித் தானே வருவதும் உண்டு. குறை என்ன என்றால், மணல் மேடுகள் மிகப் பெரியவை, டால்பின்கள் எங்கே இருக்கும் என்று உறுதியில்லை. அரைநாள் பயணத்தில் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். படகிலேயே ஒரு வாரம் தங்கும் பயணமோ கட்டணத்தில் வேறு எல்லாவற்றையும் விஞ்சிவிடும். அமெரிக்காவில், அதிலும் ஃபுளோரிடா பக்கம் வசிப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

இவை அனைத்துக்கும் எதிராக வைத்துப் பார்க்க வேண்டியது, நீரில் இறங்காமல் படகிலிருந்தே பார்ப்பது என்ற எளிய வழி. இதை இரண்டாந்தரமாக நினைப்பது தவறு. டஸ்கி நீரிலிருந்து எழும்பிக் குட்டிக்கரணம் போடும் காட்சியைப் படகில் இருப்பவர்தான் முழுமையாகப் பார்க்கிறார். நீரில் இருப்பவருக்கு மேலே ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்கும். கைகோராவிலும் அகரோவாவிலும் நீந்துபவர்களின் படகிலேயே பார்வையாளராகச் செல்லக் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கிறது, எனவே தாத்தா பாட்டியோடு செல்லும் குடும்பம் பிரிந்து போக வேண்டியதில்லை. பார்ப்பது மட்டும் போதும் என்றால் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இலங்கையில் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஸ்பின்னர் டால்பின்கள் பெருங்கூட்டமாகத் திரிவதைக் காலைப் படகில் சென்று பார்க்கலாம். அங்கும் கூட்டத்தை விரட்டிச் செல்லும் படகோட்டிகள் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்படி ஏறும்போதே சொல்லிவிடுவது நல்லது.

நீச்சல் தெரியாதவர்கள் வெட்சூட் தானாகவே மிதக்க வைக்கும் என்ற உறுதிமொழியை நம்பி இறங்கலாமா என்று கேட்பதுண்டு. வெட்சூட் மிதக்க வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்நார்கலுக்குள் நீர் புகும்போது பதறாமல் ஊதி வெளியேற்றுவதை அது செய்யாது. ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் கண்ணாடியும் ஸ்நார்கலும் அணிந்து, கால் தரையில் படாத ஆழத்தில், கால்மணி நேரம் முகத்தை நீரிலேயே வைத்திருந்து பழகியவர் கைகோராவுக்குப் போகலாம். அது கைவராதவர் பார்வையாளர் சீட்டை வாங்குவதே நல்லது. ஆஸ்துமா, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குளிர்நீரில் இறங்கும் முன் மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் வரிசை இப்படி அமையும்: நீந்தத் தெரிந்தவருக்கு மார்ச் மாதக் கைகோரா, குமட்டலுக்கு அஞ்சுபவருக்கு அகரோவா, அதுவும் பார்வையாளராக, குளிரே ஆகாது என்பவருக்குக் கட்டுப்பாடுகளோடு நடக்கும் சமதாய். முன்பதிவுக்கு முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியவை சில: அனுமதி யாரிடமிருந்து பெற்றது, ஒரு நேரத்தில் எத்தனை பேர் நீரில் இருப்பார்கள், நீருக்குள் வழிகாட்டி உடன் இறங்குவாரா, குட்டிகள் இருந்தால் என்ன செய்வீர்கள், இறங்க முடியாமல் போனால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். டால்பினைத் தொடலாம் என்றோ, உணவு கொடுத்து வரவழைப்போம் என்றோ பதில் வந்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடலாம். கைகோராவில் காற்று அடித்தால் பயணம் அன்று காலையில்கூட ரத்தாகும் என்பதால், அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிட்டு, முதல் நாள் காலைப் படகுக்கே பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் கையிருப்பில் இருக்கும்.